நாச்சிமுத்துவின் மேலுதடு

ஜூலை 14, ஞாயிறு

இது என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவின் டைரி. மின்சார ஆபீசில் வருடாவருடம் கொடுப்பார்கள். ஜூன் முப்பதோடு ரிட்டையர்டு ஆகிவிட்டார், அதனால் இதுதான் கடைசி. ஆறு மாதப் பக்கங்களில் ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை மனுஷன். நல்ல தாள் வீணாய்ப் போகவேண்டாமே என்று நான் எழுதுகிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

அவர் உடுமலைப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலையில் போனார். அங்கே தோட்டத்துக் கிணற்று மோட்டார் ரிப்பேராம். நாலு நாளில் வந்துவிடுவார். போகும்போது தலையணையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பிரஷர் மாத்திரையும் ஒரு மாதத்துக்கானது. மோட்டார் பெரிய ரிப்பேராக இருக்கும்.

கோவைக் கலைக்கூடத்திலிருந்து மாளவிகா போன் செய்தாள். ஆகஸ்ட் பத்தாம் தேதி கண்காட்சி, எனக்கு ஒரு ஆளுயரச் சிற்பம் வைக்க இடம் இருக்கிறது என்றாள். சந்தோஷம் என்றேன். உடனே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். "மேடம், உங்க உருவங்க எல்லாமே தலை குனிஞ்சே இருக்கு. இந்தத் தடவை ஒரு நிமிர்ந்த முகம் வேணும்." இத்தனை வருடம் யாரும் கேட்காததை இந்தக் குட்டி கேட்டுவிட்டது. சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

வழக்கமாக எனக்கு மாடலாக எதிரே உட்காருகிற ஆள் மோட்டார் பார்க்கப் போயிருக்கிறார். போகட்டும். இருபத்தொன்பது வருடம் கூட வாழ்ந்த ஆளைச் செய்ய அவர் எதிரே வேறு இருக்கவேண்டுமா? கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன்.

மகள் பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். அப்பா எங்கே என்றாள். குளிக்கிறார் என்றேன்.

ஜூலை 16, செவ்வாய்

மாளவிகா சாமான் பட்டியல் கேட்டாள். எலும்புக்குக் காய்ந்த தென்னை மட்டை. சதைக்குத் தென்னை நார். தோலுக்குப் பன்னாடை, அதாவது மரத்தில் மட்டையின் அடியைச் சுற்றி வலைபோல இருக்குமே, அது. நகத்துக்குக் கொட்டாங்குச்சிச் சில்லு. ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. ஆணி, கம்பி, சாயம் ஒன்றும் கிடையாது. ஊரில் யாராவது ஒருத்தரைப் பன்னாடை என்று திட்டினால் எனக்குச் சிரிப்புத்தான் வரும், நான் அதைத் தேடித் தோப்புத் தோப்பாக அலைகிறவள்.

கை இரண்டும் இன்றைக்கே முடிந்துவிட்டன. வலது கட்டைவிரலில் ஷாக் அடித்துக் கறுத்துப்போன நகம் உண்டு அவருக்கு. அதற்கு ஒரு சில்லைத் தணலில் வாட்டி வைத்தேன். உள்ளங்கையில் இரண்டு காய்ப்பு. அதுவும் வைத்தாயிற்று. கை எனக்கு எப்போதும் வரும்.

ஜூலை 17, புதன்

சாரல். எதுவும் காயவில்லை. போனும் வரவில்லை.

ஜூலை 19, வெள்ளி

முகம் முடிந்தது! மூக்கு அவர் மூக்கேதான். நெற்றி, புருவம், காது, எல்லாம் சரி. முக்கியமாக மீசை. மெல்லிய நாராகச் சீவி, பசையில் தோய்த்து, அடுக்கடுக்காக வைத்தேன். மூக்கிலிருந்து கீழுதடு வரைக்கும் வாயையே மூடிவிட்டது. பெரிய நிம்மதி. வாய்தான் எனக்கு எமன்.

நான் வேலை செய்கிற பட்டறை ஒழுகுகிறது. அதனால் உருவத்தைக் கொண்டுபோய் போர்டிகோவில் அவருடைய பிரம்பு நாற்காலியிலேயே உட்கார வைத்தேன். தெருவைப் பார்த்து அம்மணமாக ஒரு ஆளை உட்கார வைக்க முடியாது. அவருடைய கட்டம்போட்ட சட்டையையும் வேட்டியையும் உடுத்திவிட்டேன்.

பத்து நிமிடம் இல்லை, எதிர்வீட்டு ரங்கநாயகி காம்பவுண்டுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, சாரு வந்துட்டாருங்களாட்ட இருக்குது?"

"ஆமாங்க."

"ஒரு வாரமா ஆளையே காணமுங்களா, என்னமோ ஏதோன்னு நெனச்சுட்டனுங். நல்லதுங்க்கா, நல்லது."

அந்த 'என்னமோ ஏதோ'வுக்குள் பத்துக் கேள்வி இருந்தது. பத்துக்கும் சேர்த்து இன்னொரு தரம் ஆமாங்க என்றேன். அது பொய் இல்லை. உட்கார்ந்திருப்பது அவர்தான், நான் செய்த அவர்.

ஜூலை 20, சனி

பேப்பர்காரர் பேப்பரை அவர் மடியில் வைத்துவிட்டுப் போனார். காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் "வரனுங் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நடைப்பயிற்சி போகிற மூன்று பேர் வணக்கம் வைத்தார்கள். அவர் நிஜமாக இருந்தபோது இத்தனை பேர் வைத்ததில்லை.

ஜூலை 21, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். பரவாயில்லை, யாரும் படிக்கப் போவதில்லை.

பசுந்தோப்பு நகர் குடியிருப்போர் சங்கக் கூட்டம் எங்கள் போர்டிகோவில் நடந்தது. சங்கக் கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதாம். எங்கள் போர்டிகோதான் பெரிதாம். தலைவர் குப்பண்ணன் முன்னால் வர, பின்னாலேயே பத்துப் பேர் நாற்காலியோடு வந்துவிட்டார்கள். மூன்று மாதமாக இந்தச் சங்கத்துக்குச் செயலாளர் இல்லை. வடக்கு வீதிக்காரர் நின்றால் தெற்கு வீதிக்காரர் விடுவதில்லை, தெற்கு நின்றால் வடக்கு விடுவதில்லை. நான் எல்லாருக்கும் காப்பி போட்டுக்கொண்டு வெளியே வருவதற்குள் இவரைச் செயலாளராக ஏகமனதாகத் தேர்ந்தெடுத்து முடித்திருந்தார்கள்.

குப்பண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்ண்ணா, அது பொம்மைங்க," என்றேன்.

"தெரியுதுங் அம்மிணி. நாப்பது வருசம் கயித்து யாவாரம் பண்ணுனவன், எனக்கு நாரு தெரியாதுங்களா? கையப் புடிச்சதுமே தெரிஞ்சுபோச்சு. ஆனைமலைச் சரக்கு, நல்ல நாரு."

"அப்புறம் எப்படிங்க?"

"அட, இவருன்னா ரெண்டு வீதிக்காரனும் ஒத்துக்கறானுங்களே! போன செயலாளரும் மூணு வருசம் வாயே தொறக்கலீங். இவரு அதோட காப்பியுங் கேக்கமாட்டாரு."

நிஜமான சார் எங்கே என்று அவர் கேட்கவில்லை. பதினோரு பேரில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மோட்டார் என்று சொல்லியிருப்பேன். கேட்காமல் காப்பியைக் குடித்தார்களே, அதுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை.

கிளம்பும்போது குப்பண்ணன் உருவத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "எல்லாம் அச்சு அசலுங் அம்மிணி. மீசை மட்டும் எதுக்குங்க வெச்சீங்க? சாருதான் ரிட்டையர்டு ஆன மக்கா நாளு, ஒண்ணாந் தேதியே மீசைய எடுத்துட்டாரே?"

எனக்குத் தெரியும் என்றேன். சிற்பத்துக்காக வைத்தது, கலையில் அப்படித்தான் என்றேன்.

ஜூலை 22, திங்கள்

தெரியாது.

ஜூலை 24, புதன்

டைரியிலாவது உண்மையை எழுதவேண்டும். ஜூலை ஒன்றாம் தேதி மீசையை எடுத்திருக்கிறார். பன்னிரண்டாம் தேதி கிளம்பிப் போனார். நடுவில் பதினோரு நாள் என் எதிரே உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிட்டிருக்கிறார். முப்பது வருட மீசை. நான் மனித உருவம் செய்கிறவள். மூன்று விருது வாங்கியிருக்கிறேன். ஒருவர், என் பார்வை மனிதர்களை ஊடுருவுகிறது என்று பத்திரிகையில் எழுதினார். அவர் கண்ணில் மண்ணைப் போட.

சாப்பிடும்போதெல்லாம் மேலுதட்டைத் தடவிக்கொண்டே இருந்தது இப்போது ஞாபகம் வருகிறது. பதினோராம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது, "என்ற மொகத்துல ஏதாச்சும் தெரியுதா?" என்றார். நான் வாசலைப் பார்த்தபடி நாளைக்கு எந்த நாரை ஊறவைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் நிமிர்ந்து பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். "சட்டை புதுசுங்களா?" என்றேன். அந்தச் சட்டைக்கு வயது மூன்று. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தார். மறுநாள் காலையில் பையை எடுத்தார்.

இன்று அவர் போனுக்கு அடித்தேன். அவருடைய அக்காதான் எடுத்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

"மோட்டார் சரியாயிடுச்சுங்களா அண்ணி?" என்றேன்.

"மோட்டாருக்கென்ன, அது ஜோராத் தண்ணி எறைக்குது. நீ என்ன அம்மிணி பண்ணுன அவன?"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க அண்ணி."

"அதேதான் அவனுஞ் சொல்றான். நீ ஒண்ணுமே பண்ணலயாமா."

போனை வைத்துவிட்டார்.

ஜூலை 26, வெள்ளி

மாளவிகா என் கலைப் பின்னணியை இருநூறு சொற்களில் கேட்கிறாள். இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

'துளசிமணி பொள்ளாச்சி அருகே ஒரு கயிற்று மில்காரரின் மகள். நார்க் குவியலில் விளையாடி வளர்ந்தவர். சென்னையில் கவின்கலை படித்தபோது எல்லோரும் களிமண்ணிலும் வெண்கலத்திலும் செய்ய, இவர் ஊரிலிருந்து ஒரு மூட்டை நார் கொண்டுபோய் ஒரு மூட்டை தூக்குபவரின் உருவம் செய்தார். விளக்குமாறு என்று சிரித்தார்கள். வருடக் கடைசியில் அதற்குத்தான் பரிசு. தலை குனிந்த இவருடைய உருவங்கள் காலத்தின் சுமையைச் சொல்பவை.'

இதில் கடைசி வரி பச்சைப் பொய். எனக்கு முகம் வராது. கல்லூரியிலேயே வராது. கை, முதுகு, கழுத்து, பாதம் என்றால் பிய்த்து உதறுவேன். முகத்தைப் பார்த்தால் எனக்கு ஒரு கூச்சம், ஒரு பயம். அதனால் எல்லாரையும் குனிய வைத்துவிட்டேன். காலத்தின் சுமை என்று ஒரு விமர்சகர் எழுதினார், நானும் பிடித்துக்கொண்டேன்.

கல்யாணமான பிறகு எனக்கு மாடலாக உட்கார்ந்தது அவர் ஒருத்தர்தான். ஞாயிற்றுக்கிழமை விடியக் காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் அசையமாட்டார். "தலையக் கீழ குனிங்க," என்பேன். குனிந்துகொள்வார். இருபத்தொன்பது வருடம் அந்த மனுஷனைக் குனியச் சொல்லியிருக்கிறேன்.

இருநூறு சொல் தாண்டிவிட்டது. இதை அனுப்ப முடியாது.

ஜூலை 28, ஞாயிறு

மீசையைப் பிய்த்து எடுத்தேன். அடியில் வெறும் பன்னாடை, வாய் இல்லை. அவருடைய மேலுதடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பெண் பார்க்க வந்தபோதே மீசையோடுதான் வந்தார். வீட்டில் இருக்கிற அத்தனை போட்டோவிலும் மீசை. ஒரு யூகத்தில் மூன்று உதடு செய்தேன். ஒன்று தடி, ஒன்று மெலிசு, ஒன்று நடுவில் குழிந்தது. மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். தடி வைத்தால் அவர் தம்பி மாதிரி இருக்கிறது. மெலிசு வைத்தால் தாலுகா ஆபீசில் யாரோ மாதிரி இருக்கிறது.

அந்த நேரம் பார்த்துச் சங்கத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள். குடிதண்ணீர்ப் பிரச்சினையை எடுக்க வந்தவர்கள், செயலாளருக்கு வாய் இல்லாததைப் பார்த்து அதை முதல் தீர்மானமாக எடுத்துக்கொண்டார்கள்.

"குழிதானுங்க. நாந் தெனமும் டீக்கடைல பாத்தனே," என்றார் வடக்கு வீதிக்காரர் ஒருவர்.

"நீ டீயப் பாத்தியா, சாரோட ஒதட்டப் பாத்தியா? மெலிசுய்யா அது," என்றார் ஒரு தெற்கு வீதிக்காரர்.

அவர் பஸ் ஸ்டாப்பில் பார்த்தது, இவர் கோயிலில் பார்த்தது என்று ஆளுக்கு ஒரு சாட்சி. ரங்கநாயகிகூட உள்ளே வந்து, "மெலிசுதானுங், சிரிச்சா இடது பக்கம் ஏறும்," என்றாள். இவளைப் பார்த்து எப்போது சிரித்தார்? கடைசியில் குப்பண்ணன் கையைத் தூக்கச் சொன்னார். மெலிசு ஏழு, குழி நாலு. தலைவருக்கு ஓட்டு இல்லையாம். மெல்லிய உதடு நிறைவேறியது.

என் புருஷன் உதடு எப்படி இருக்கும் என்று காலனியே கை தூக்குகிறது, நான் காப்பித் தட்டோடு நிற்கிறேன். எனக்கு ஓட்டு உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எதற்குப் போட்டிருப்பேன்?

எல்லாரும் போனபிறகு மூன்று உதட்டையும் குப்பையில் போட்டேன்.

ஜூலை 30, செவ்வாய்

செய்தி உடுமலைக்குப் போய்விட்டது. அவர் குப்பண்ணனுக்குப் போன் செய்து, என்னைக் கேட்காமல் எப்படிச் செயலாளர் ஆக்கினீர்கள், நான் ராஜினாமா செய்கிறேன் என்று கத்தினாராம். குப்பண்ணன் வீட்டுக்கே வந்து சொன்னார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எழுதிக் குடுங்க, செயலாளரு பார்வைக்கு வெச்சுடறேன்னு சொன்னனுங்."

"அதுக்கு அவர்?"

"அவரு நல்லா இருக்காரான்னு கேட்டாருங்."

"யாரை?"

"செயலாளரத்தானுங்." குப்பண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

செயலாளருடைய இடது காதில் காளான் முளைத்திருக்கிறது. சாரலில் நார் ஊறிவிட்டது. ரங்கநாயகி அதைப் பார்த்துவிட்டு, "நல்ல காளானாட்ட இருக்குதுங்க்கா, பறிச்சுக்கட்டுங்களா?" என்றாள். சாப்பிடாதே, என்ன காளானோ என்று திட்டி அனுப்பினேன். பிடுங்கிப் போட்டுவிட்டு அடுப்படியில் வைத்து உலர்த்தினேன். சமைக்கும்போது நாற்காலியில் அவர், பக்கத்தில். ரசத்துக்கு உப்புப் போதுமா என்று கேட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

தலையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு சலூன்காரர் அர்த்தநாரியிடம் போனேன். பதினைந்து வருடமாக என் வீட்டுக்காரருக்கு முடிவெட்டுகிறவர், அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? ஆம்பளைகள் சலூனுக்குள் நான் நுழைந்ததும் ரேடியோவையே நிறுத்திவிட்டார்கள்.

"மீசைய இங்க எடுக்கலீங்க்கா," என்றார் அர்த்தநாரி. "ஊட்லயே எடுத்துட்டு வந்தாருங். பழக்கமில்லாத கை பாருங்க, மேலொதட்டுல நல்லா வெட்டிக்கிட்டாரு. நாஞ் சரி பண்ணி உட்டேன். பிளாஸ்திரி நாலு நாள் இருந்துச்சே?"

"பிளாஸ்திரியா?"

"நீங்கதானுங்களே ஒட்டிவுட்டீங்க? கோணலா இருக்குதுங் சார்னு நாஞ் சொன்னதுக்கு, என்ற ஊட்டுக்காரி ஒட்டிவுட்டது, அப்படித்தான் இருக்கும்னு சிரிச்சாரு."

ஆமாம், நான்தான் ஒட்டினேன் என்று சொன்னேன். தலையைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் ஒட்டவில்லை. அன்றைக்கு அவர் பட்டறை வாசலில் வந்து நின்று பிளாஸ்திரி எங்கே என்று கேட்டார். இரண்டாவது டிராயர் என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. யாருக்கு, எதற்கு, எங்கே அடிபட்டது, ஒன்றும் கேட்கவில்லை. ரத்தம் வழிய நின்றிருப்பார். பிறகு நாலு நாள் மூக்குக்குக் கீழே அதை ஒட்டிக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்து சோறு சாப்பிட்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. ரங்கநாயகி எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் கொடுத்தனுப்பினாள், இரண்டு பேருக்கு.

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்னும் ஐந்து நாள்தான். மாளவிகா, முகம் முடிந்ததா மேடம் என்றாள். உதடு மட்டும் பாக்கி என்றேன். "யூகத்துல போட்டுடுங்க மேடம், யாருக்குத் தெரியப்போகுது?"

நாளைக்கு உடுமலை போகிறேன். உதடு பார்க்கத்தான் போகிறேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

உடுமலை பஸ்ஸில் கண்டக்டர் பையைக் காட்டி, "இதுல என்னுங்க்கா?" என்றார். "எங்கூட்டுக்காரர் தலைங்க," என்றேன். ஏதோ ஞாபகத்தில் வாயில் வந்துவிட்டது. பஸ்ஸே திரும்பியது. அப்புறம் பையைத் திறந்து நாரைக் காட்டவேண்டியதாயிற்று. பக்கத்தில் இருந்த அம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "லச்சணமான மொகம். வாயத்தான் காணம்," என்றார். இறங்கும் வரைக்கும் அவர்தான் பிடித்துக்கொண்டு வந்தார்.

தோட்டத்தில் அவர் கிணற்றடித் தொட்டியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்தே முதுகைக் கண்டுபிடித்துவிட்டேன். "என்னங்க," என்றேன். திரும்பினார்.

மீசை இருந்தது. இருபத்தைந்து நாள் மீசை, பாதி வெள்ளை, உதட்டை நன்றாக மூடிவிட்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை, நான் கையில் வைத்திருந்த தலையைப் பார்த்தார். "இதுவா செயலாளரு?"

"நீங்கதான் அது."

"வாயக் காணமே."

"அதைப் பார்க்கத்தான் வந்தேன்."

"அதுக்கு மட்டுமா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான், எதையாவது சொல்லி வைப்பேன். "இல்லீங்க," என்றேன். "அர்த்தநாரி எல்லாம் சொன்னார். பிளாஸ்திரியை நான்தான் ஒட்டிவிட்டேன்னு சொன்னீங்களாமே?"

அவர் தொட்டித் தண்ணீரைப் பார்த்தார். "கடைல நாலு பேரு உக்காந்துருக்கறாங்க. பொண்டாட்டி பாக்கவே இல்லைன்னு சொல்ல முடியுமா? வெக்கமா இருக்காது?"

"யாருக்கு வெக்கம், உங்களுக்கா எனக்கா?"

"ரெண்டு பேருத்துக்குந்தான்."

அழுதேன். எழுதுவதற்கென்ன, நன்றாக அழுதேன். நான் பார்க்கவே இல்லீங்க, பதினோரு நாளும் பார்க்கவே இல்லை, கல்யாணம் பண்ணின நாளிலிருந்தே சரியாகப் பார்க்கவில்லை, கை தெரியும், முதுகு தெரியும், வேறொன்றும் எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். அண்ணி மாட்டுக்குத் தீவனம் வைப்பதுபோல ஒரு மணி நேரமாக அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

பிறகு அவர் உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொள்வாரோ என்று பயந்துவிட்டேன். கிண்ணமும் சோப்பும் ரேசரும் எடுத்துக்கொண்டு வந்தார். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, "இந்தா, நீயே எடு," என்றார்.

சோப்பைக் குழைத்துப் பூசி ரேசரை எடுத்தேன். இந்தக் கையால் எத்தனை ஆயிரம் முறை நார் சீவியிருப்பேன். வலது பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். முதலில் ஓரம் தெரிந்தது, பிறகு நடு, பிறகு அந்தத் தழும்பு, ஒரு சோற்றுப் பருக்கை நீளம், இன்னும் சிவப்பு மாறவில்லை. உதடு மெலிசுதான், காலனி சொன்னது சரி. ஆனால் அவர்களுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. ஏதோ சொல்ல வந்து வேண்டாம் என்று விழுங்கும்போது அந்த உதடு உள்ளே மடிகிறது. நான் பார்த்துக்கொண்டிருந்த கால் மணி நேரத்தில் மூன்று தரம் மடிந்தது. இருபத்தொன்பது வருடமாக மீசைக்கு அடியில் எத்தனை தரம் மடிந்ததோ.

முகத்தைக் கழுவிக்கொண்டு, நிமிர்ந்து என்னையே பார்த்தார். "எப்படி இருக்குது?"

நல்லா இருக்குது என்று சொல்லியிருக்கலாம். யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அப்படித்தான் சொல்வார்கள். நான் நன்றாகப் பார்த்தேன். இந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன்.

"நல்லால்லீங்க," என்றேன். "தோலுரிச்ச பனங்கிழங்காட்ட இருக்குது. மீசையே வெச்சுக்குங்க."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். இடது பக்கம் ஏறுகிறது, ரங்கநாயகி சொன்னது நிஜம். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இத, இத ஒரு நா நீ சொல்லியிருந்தீன்னா நான் ஏன் பஸ் ஏறிப் போறேன்? எனக்கே கண்ணாடில பாக்கச் சகிக்கல. நீ ஒரு வார்த்தை சொல்லுவீன்னு பதினோரு நாள் பாத்தேன்."

"அடப் பாவிகளா," என்றார் அண்ணி, தீவனக் கூடையைக் கீழே போட்டுவிட்டு. "இதுக்கா நான் ஒரு மாசம் இவனுக்கு இட்லி சுட்டேன்?"

சாயங்கால பஸ்ஸில் இரண்டு பேரும் வந்தோம். தலையை அவர் மடியில் வைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

நேற்று முழுவதும் எதிரே உட்கார வைத்து உதட்டைச் செய்தேன். ஒரு மணி நேரம் ஆனதும் நெளிய ஆரம்பித்துவிட்டார். "எத்தன நேரந்தான் பாப்ப? கூச்சமா இருக்குது." பார்க்கவில்லை என்று வீட்டை விட்டுப் போன ஆள் இவர்தான். வாயை மூடுங்க, இன்னும் முடியவில்லை என்றேன்.

முடிந்துவிட்டது. தலை நிமிர்ந்திருக்கிறது. ஏதோ சொல்ல வந்து விழுங்குகிற வாய். பனங்கிழங்குதான், ஆனால் அவரேதான்.

இன்று வேன் வந்து ஏற்றும்போது குப்பண்ணன் ஓடிவந்தார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம், செயலாளரை எப்படித் தூக்கிக்கொண்டு போகலாம் என்று ஒரே சண்டை. கடைசியில் கண்காட்சி முடிந்து உருவம் திரும்பி வரும்வரை இவர் தற்காலிகச் செயலாளராக இருப்பது என்று முடிவானது. ஒரே ஒரு நிபந்தனை, எதுவும் பேசக்கூடாது.

"பேசாம எப்படிங்க இருக்கறது?" என்றார் இவர்.

"அவரு இருந்தாருங்களே," என்றார் குப்பண்ணன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

உருவம் கோவைக் கண்காட்சியில் இருக்கிறது, இங்கே இவர் கூட்டத்தில் பேசிவிட்டார். தண்ணீர்க் குழாய் விஷயத்தில் வடக்கு வீதி செய்வது தப்பு என்று எழுந்து நின்று சொன்னார். பெரிய ரகளை. பழைய செயலாளரையே கொண்டுவாருங்கள் என்று எல்லாரும் கத்தினார்கள். நான் கதவோரம் நின்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு ஒரு தரம்கூட மடியவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

மீசை எட்டு நாள். வலது பக்கம் அடர்த்தி. தழும்பு இருக்கிற இடத்தில் முடி வரவில்லை, இனி வராது போலிருக்கிறது. அங்கே ஒரு சின்ன இடைவெளி விழும். காப்பி குடிக்கும்போது இடது மூக்கு லேசாக விடைக்கிறது. வலது கண் இடதைவிடச் சின்னது. வலது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம், அது எப்போதிருந்து இருக்கிறது என்று கேட்டேன், பிறந்ததிலிருந்து என்றார்.